12 மைக்ரான் பாலிகார்பனேட் வடிதாள்: கன்னச் செல்களில் ஒட்டிய ஈஸ்டை எண்ணுவதற்கு வாங்கலாமா?

உட்கன்னத்திலிருந்து எடுத்த செல்களில் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் எந்த அளவுக்கு ஒட்டுகிறது என்று அளக்கும் வேலையில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் எங்கள் ஆய்வகத்தின் நுண்ணோக்கி மாறியது, சோதித்த ஈஸ்ட் வகைகள் மாறின, எண்ணிய மாணவர்களும் மாறினார்கள். மாறாமல் இருந்தது 25 மி.மீ. விட்டமும் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையும் உடைய பாலிகார்பனேட் சவ்வு வடிதாள் ஒன்றுதான். இந்தச் சோதனையைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள், ஒளிர்சாயங்களும், செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் முன் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரும் கிடைக்கிற இந்நாளில் இப்படி ஒரு வடிதாளை வாங்கி நுண்ணோக்கியின் கீழ் எண்ணிக்கொண்டிருப்பது தேவையா என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வடிதாளைத் தனியே எடைபோட்டுச் சொல்வதில் பயனில்லை என்பதால், அது பயன்படும் சோதனையின் ஒவ்வொரு படியையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாயில் எச்சில் ஓயாமல் சுரக்கிறது. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அது கிருமிகளை அடித்துக்கொண்டு போகிறது. உட்கன்னத்தின் மேலடுக்குச் செல்களும் நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவே வாயில் நிலைக்க வேண்டுமானால் ஈஸ்ட் முதலில் எதையாவது பற்றிக்கொண்டாக வேண்டும். உடல்நலத்தோடு இருக்கும் பலருடைய வாயிலும் கேண்டிடா தீங்கின்றிக் குடியிருக்கிறது. கைக்குழந்தைகள், கழற்றி மாட்டும் பல்செட் அணிந்த முதியவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோரிடம் அதே ஈஸ்ட் வெண்படலமாகப் படர்ந்து சாப்பிடவும் விடாமல் வருத்துகிறது. ஒரு மருந்தோ வாய்கொப்பளிக்கும் நீர்மமோ இந்தப் பற்றுதலைக் குறைக்கிறதா என்று அறிய வேண்டுமானால், பற்றுதலை எண்ணாகச் சொல்லும் ஒரு முறை வேண்டும்.

அந்த முறையின் அடிப்படை எளியது. உட்கன்னத்திலிருந்து சுரண்டி எடுக்கும் செல் தட்டையானது, பொதுவாக 50 முதல் 70 மைக்ரான் அகலமுள்ளது. ஈஸ்டின் முட்டை வடிவச் செல்லோ 4 முதல் 6 மைக்ரான்தான். இரண்டையும், அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபர் கரைசலில் கலந்து, உடல் வெப்பநிலையில் ஒரு மணி நேரம் மெல்லக் குலுக்கியபின், 12 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் ஊற்றினால் ஒட்டாத ஈஸ்ட் கீழே போய்விடும். கன்னச் செல்லும் அதில் ஒட்டிய ஈஸ்டும் மேலே தங்கும். தங்கியதைச் சாயமேற்றி, ஒரு செல்லுக்குச் சராசரியாக எத்தனை ஈஸ்ட் என்று எண்ண வேண்டும். கிமுராவும் பியர்சாலும் 1978-இல் எச்சிலின் முன்னிலையில் இந்தப் பற்றுதல் கூடுகிறது என்று காட்டியதும், சாண்டினும் உடன் ஆய்ந்தவர்களும் 1982-இல் இதில் மேனோஸ் என்ற சர்க்கரைக்குப் பங்கு உண்டு என்று சான்று தந்ததும் மனிதர்களின் கன்னச் செல்களை வைத்துத்தான். அந்தப் பழைய ஆய்வுகளோடு இன்றைய எண்ணை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுமென்றாலும், அதே வகைச் செல்லை அதே வகையில் கையாள்வது நல்லது.

இனி வடிதாளுக்கு வருகிறேன். பார்ப்பதற்கு இது மெல்லிய, பளபளப்பான, அரைகுறையாக ஒளி ஊடுருவும் ஒரு வட்டு. மின்னூட்டம் பெற்ற கனமான துகள்களைப் பாலிகார்பனேட் படலத்தின் ஊடாகச் செலுத்தி, அவை விட்டுச் சென்ற தடங்களைக் காரக் கரைசலில் அரித்து இதன் துளைகளை உண்டாக்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு துளையும் குழாய்போல நேராக இறங்குகிறது. விட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. செல்லுலோஸ் எஸ்டர் வடிதாளை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே விளங்கும். அது பஞ்சுபோன்றது, வழி வளைந்து வளைந்து போவதால், பெயரளவில் துளை பெரிதாக இருந்தாலும் ஈஸ்ட் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது வெளியேறுவதில்லை, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முழுதாகத் தெரிவதுமில்லை. இந்தச் சோதனைக்குப் பாலிகார்பனேட்டைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நைலான் வலைத்துணியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது மலிவு, கழுவவும் எளிது. ஆனால் கண்கள் பெரிதாக இருப்பதால் மடிந்த செல்களும் சிறிய செல்களும் நழுவிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

துளைகள் படலத்தில் ஒழுங்கின்றிச் சிதறி இருப்பதால், அங்கங்கே இரண்டு துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகத் தெரியும். புதியவர்கள் இதை உற்பத்திக் குறை என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டு துளைகள் பக்கம் பக்கமாக இணைந்தாலும் நீளவாக்கில் 24 மைக்ரானைத் தாண்டாது. 50 மைக்ரான் செல் அதன் வழியே விழுந்துவிடாது. ஆகவே இந்த வேலைக்கு அது பொருட்டே இல்லை.

கையாள்வதில் மூன்று செய்திகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, பெட்டியில் ஒவ்வொரு வடிதாளுக்கும் நடுவே ஒரு நிறத்தாள் வைத்திருப்பார்கள். வடிதாளைவிட அந்த இடைத்தாள்தான் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். முதல் வாரத்தில் மாணவர்கள் இடைத்தாளையே எடுத்து வடிகலனில் பொருத்திவிட்டு, நீர் இறங்கவில்லை என்று வருந்துவார்கள். தட்டை முனைச் சாமணத்தால் விளிம்பை மட்டும் பிடித்து எடுக்கப் பழக்குங்கள். இரண்டாவது, வறண்ட நாளில் நிலைமின்சாரத்தால் தாள் சுருண்டு சாமணத்தோடு ஒட்டிக்கொள்ளும். வடிகலனின் தாங்குதட்டை முன்கூட்டியே ஒரு சொட்டு பஃபரால் நனைத்துவைத்தால் தாள் தட்டையாகப் படியும். மூன்றாவது மிகவும் முக்கியம். நீரை ஏற்கும்படி பாலிவினைல்பைரோலிடோன் பூசியதும் பூசாததும் என இந்த வடிதாளில் இரு வகைகள் விற்கின்றன. பூசாதது செல் இடப்பெயர்ச்சிச் சோதனைகளுக்கு ஏற்றது. நம் சோதனைக்கு அதை வாங்கினால் நீர் மேலேயே தேங்கி நிற்கும். வாங்கும்போது பூச்சுள்ளது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

துளையளவையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கேட்க வேண்டும் என்பதை இழப்போடு கற்றேன். ஒருமுறை விற்பனையாளர் 12 மைக்ரானுக்குப் பதிலாக 1.2 மைக்ரான் தாளை அனுப்பிவிட்டார். பெட்டி ஒன்றுபோலவே இருந்தது. தாளும் கைக்கு ஒன்றுபோலவே பட்டது. 1.2 மைக்ரான் துளையில் ஈஸ்ட் எதுவும் கீழே இறங்காது என்பதால், அன்றைக்கு எல்லாக் கன்னச் செல்களும் ஈஸ்டால் மூடப்பட்டதுபோலக் காட்சியளித்தன. சோதித்துக்கொண்டிருந்த மருந்து பற்றுதலைக் கூட்டுகிறதோ என்று இரண்டு நாள் குழம்பினோம். அந்த மாதிரிகளைத் தந்த தன்னார்வலர்களிடம் மீண்டும் போய்க் கேட்க வேண்டி வந்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம். அன்றிலிருந்து ஒவ்வொரு புதிய பெட்டியிலும் முதல் தாளை எடுத்து, ஈஸ்ட் கரைசலை மட்டும் ஊற்றி, கீழே இறங்கிய நீர்மத்தை நியூபாவர் எண்ணறையில் (செல்களை எண்ணுவதற்குக் கட்டமிட்ட கண்ணாடித் தட்டு) பார்த்து, ஈஸ்ட் இறங்கியிருப்பதை உறுதிசெய்த பிறகே பெட்டியைப் பயன்பாட்டுக்கு விடுகிறேன்.

செல்களைத் திரட்டும் படியில் வடிதாளுக்கு வேலையில்லை. ஆனாலும் அதன் வெற்றி தோல்வியை இந்தப் படியே முடிவு செய்கிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தன்னார்வலரின் எழுத்து வழி இசைவும் பெற்றபின், அவர் உட்கன்னத்தைத் தூய பஞ்சுக்குச்சியால் மெல்லச் சுரண்டி, பி.எச். 7.2 உள்ள பாஸ்பேட் பஃபர் உப்புக் கரைசலில் குச்சியைக் கலக்கி எடுக்கிறோம். முந்தைய நாள் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த நீர்மத்தால் வாய் கொப்பளித்தவரை அன்று தவிர்த்துவிடுவோம். அந்த மருந்து வாயின் பரப்பில் தங்கி நின்று பற்றுதலைக் குறைக்கும் தன்மை உடையது. திரட்டிய செல்களைக் குறைந்த வேகத்தில் சென்ட்ரிஃபியூஜ் செய்து மூன்று முறையாவது கழுவ வேண்டும். சளியும் உதிரிப் பாக்டீரியாவும் போகாவிட்டால் அவை வடிதாளின் துளைகளை அடைத்துவிடும். அடைந்த தாள் சல்லடையாக வேலை செய்யாது. ஒட்டாத ஈஸ்டையும் மேலேயே நிறுத்திவைத்து, ஒட்டியதுபோலக் காட்டும்.

கழுவிய செல்களை ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சமாகவும், ஈஸ்டை ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியாகவும் சரிசெய்து, சம அளவில் கலப்பது பரவலான வழக்கம். ஒரு கன்னச் செல்லுக்கு 100 ஈஸ்ட் என்று ஆகிறது. எண்ணறையின் பெரிய கட்டம் ஒவ்வொன்றும் 1 ச.மி.மீ. பரப்பும் 0.1 மி.மீ. ஆழமும் கொண்டது; ஆகவே ஒரு கட்டத்தின் சராசரியை 10,000-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டருக்கான எண்ணிக்கை கிடைத்துவிடும்.

எத்தனை கன்னச் செல்களை வடிதாளில் ஊற்றுவது என்பதைப் பலரும் கணக்குப் பார்க்காமல் செய்கிறார்கள். அரை மில்லிலிட்டரில் 50,000 செல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லின் விட்டத்தை 60 மைக்ரான் என்று எடுத்தால், 50,000 செல்களையும் ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்பினாலே சுமார் 1.4 ச.செ.மீ. இடம் பிடிக்கும். வடிகலனின் வாய் 16 மி.மீ. விட்டமுள்ளது என்றால் நீர் இறங்கும் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 2 ச.செ.மீ.தான். ஆகவே செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். இடையில் அகப்பட்ட ஈஸ்ட் எந்தச் செல்லுக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது. துளைகளும் பெரும்பாலும் மூடிப்போகும். கலவையிலிருந்து 10,000 செல்கள் வரும் அளவை மட்டும் எடுத்து ஊற்றத் தொடங்கிய பிறகே என் எண்ணிக்கைகள் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நெருங்கி வரத் தொடங்கின. வடிதாள் சரியில்லை என்று முன்பு நான் குறைபட்டுக்கொண்டதில் பெரும்பங்கு, அளவுக்கு மீறி ஊற்றியதால் வந்தது.

கழுவும் படியில் வெக்யூமைக் கூடுமானவரை தவிருங்கள். பலமாக உறிஞ்சினால் கன்னச் செல் துளைக்குள் இழுபட்டு மடிகிறது. தளர்வாக ஒட்டிய ஈஸ்டும் பிய்ந்து போகிறது. தாளைப் பொருத்தி, கலவையை ஊற்றி, புவியீர்ப்பில் தானே இறங்கவிட்டு, 10 மி.லி. வீதம் ஐந்து முறை பஃபரை ஓரமாக வார்ப்பது எங்கள் வழக்கம். தாளின் மேல் நீர் முழுவதும் வற்றுவதற்கு முன் அடுத்த 10 மி.லி. போய்ச் சேர வேண்டும். வற்றிவிட்டால் மேலே மிதந்த ஈஸ்ட் செல்லின் மேல் படிந்து காய்ந்துவிடும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்ய ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் ஆகிறது.

கட்டுப்பாட்டுச் சோதனை பற்றி எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. ஈஸ்டை மட்டும் வெறும் வடிதாளில் ஊற்றிக் கழுவி, தங்கியதைப் பின்னணி என்று கழிப்பது பலரும் செய்வது. அந்தத் தாளில் செல்கள் இல்லை, எனவே துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றன. உண்மைச் சோதனையின் தாளிலோ செல்கள் ஒரு பகுதித் துளைகளை மூடியிருக்கின்றன. ஆகவே வெறுந்தாள் காட்டும் பின்னணி எப்போதும் குறைவாகவே இருக்கும். இதைவிட நல்லது, கன்னச் செல்லையும் ஈஸ்டையும் கலந்த உடனே, ஒரு மணி நேரம் குலுக்காமல், நேரே வடிகட்டி அதே அளவு பஃபரால் கழுவி எண்ணுவது. அந்த எண்தான் ஒட்டாமல் அகப்பட்டதன் அளவுக்கு நெருங்கியது. இதோடு, ஈஸ்ட் சேர்க்காத கன்னச் செல்களையும் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் பார்த்தே தீர வேண்டும். நலமான தன்னார்வலரின் செல்லிலேயே அவருடைய சொந்தக் கேண்டிடா ஒட்டியிருக்கக்கூடும். இந்தக் கட்டுப்பாட்டை நான் ஒரு வாரம் விட்டுவிட்டேன். பிறகு பார்த்தபோது ஒரு தன்னார்வலரின் செல்கள் நாங்கள் சேர்ப்பதற்கு முன்பே ஈஸ்டைச் சுமந்து வந்தவை என்று தெரிந்தது. அந்த வாரத்து எண்கள் அனைத்தையும் நீக்கினேன்.

சாயமேற்றுவதில் இரண்டு வழிகள். தாளை முகம் கவிழ்த்துக் கண்ணாடி ஸ்லைடில் அழுத்தி உரித்து, செல்களை ஸ்லைடுக்கு மாற்றிய பின் கிராம் சாயமோ கிரிஸ்டல் வயலெட்டோ ஏற்றுவது ஒன்று. படம் தெளிவாக இருக்கும். ஆனால் தாளில் ஒரு பகுதி செல்கள் தங்கிவிடும், எந்தப் பகுதி என்று நமக்குத் தெரியாது. தாளின் மேலேயே சாயமேற்றிப் பார்ப்பது மற்றொன்று. அப்படிச் செய்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அசிட்டோன் பாலிகார்பனேட்டைக் கெடுக்கும், குளோரோபார்மில் அது கரைந்தே போகும். கிராம் சாயத் தொகுப்புகள் பலவற்றில் நிறநீக்கியில் அசிட்டோன் கலந்திருக்கிறது. தாள் சுருங்கிக் கலங்கிப் போவதைக் கண்டபின் நாங்கள் எத்தனால் மட்டும் உள்ள நிறநீக்கிக்கு மாறினோம். புற ஊதா வசதியுள்ள நுண்ணோக்கி இருந்தால் கால்கோஃப்ளூர் வெண்சாயம் இன்னும் எளிது. ஈஸ்டின் செல்சுவரிலுள்ள கைட்டின் என்ற பொருளைப் பற்றிக்கொண்டு அது நீலமாக ஒளிரும். கன்னச் செல்லில் கைட்டின் இல்லாததால் அது மங்கலாகவே நிற்கும். ஆனால் இதற்குத் தாளின் சொந்த ஒளிர்வு குறுக்கே வரலாம் என்பதால், கருப்புச் சாயமேற்றிய பாலிகார்பனேட் தாள் வேண்டிய துளையளவில் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஸ்லைடுக்கு மாற்றியே ஒளிரவையுங்கள்.

எண்ணும் படிதான் இந்த முறையின் கடினமான பகுதி. 100 கன்னச் செல்களை எடுத்து ஒவ்வொன்றிலும் உள்ள ஈஸ்டை எண்ணுகிறோம். மடிந்தவை, ஒன்றன்மேல் ஒன்று ஏறியவை, ஈஸ்ட் கட்டியாகத் திரண்டு கிடப்பவை ஆகியவற்றைத் தவிர்க்கிறோம். அரும்பிய தாய்ச் செல்லையும் சேய்ச் செல்லையும் ஒன்று என்று கொள்வதா, இரண்டு என்று கொள்வதா என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். நாங்கள் ஒன்று என்று கொள்கிறோம். எந்தத் தாள் மருந்து பட்டது, எது படாதது என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவதையும் கட்டாயமாக்கினேன். எண்கள் இயல்பான பரவலில் அமைவதில்லை. பெரும்பாலான செல்களில் ஈஸ்ட் மிகக் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ இருக்க, சில செல்களில் மட்டும் மிக அதிகமாக மொய்த்துக் கிடக்கும். அதனால் சராசரியை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. ஒரு ஈஸ்டாவது ஒட்டிய செல்கள் நூற்றுக்கு எத்தனை என்பதையும், நடுவெண்ணையும் சேர்த்துத் தர வேண்டும். பரவலின் வடிவத்தைச் சாராத புள்ளியியல் சோதனையையே பயன்படுத்த வேண்டும்.

நேரமும் ஒரு பகைவன். 37 டிகிரி செல்சியஸில் கேண்டிடா அல்பிகன்ஸ் முளைக்குழாய் விடத் தொடங்கிவிடும், அதாவது முட்டை வடிவச் செல்லிலிருந்து இழையாக நீளத் தொடங்கும். சீரம் இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அது நன்றாகவே தெரியும். முளைத்தவை ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகின்றன, அந்தக் கட்டிகள் 12 மைக்ரான் துளையில் இறங்குவதில்லை. இங்கே வடிதாளின் குணமே அதன் குறையாகிவிடுகிறது. இழைவடிவத்தில் பற்றுதலைப் படிக்க விரும்புகிறவர்கள் இந்தத் தாளை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வடிவத்துக்கு உரிய பற்றுதல் மிகவும் ஆர்வமூட்டும் விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாப், சண்ட்ஸ்ட்ரோம் ஆகியோரும் உடன் ஆய்ந்தவர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இழையின் பரப்பிலுள்ள எச்.டபிள்யூ.பி.1 என்ற புரதம் கன்னச் செல்லின் டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியின் வினைக்கு உட்பட்டு, செல்லோடு பிரிக்க முடியாத பிணைப்பை உண்டாக்குகிறது. சாதாரணமாகக் கழுவித் தங்குவதை எண்ணும் நம் முறை, இப்படி இறுகிப் பிணைந்ததையும் லேசாகத் தொற்றி நிற்பதையும் ஒரே எண்ணாகச் சேர்த்துவிடுகிறது. எங்கள் அறிக்கைகளில் இந்த எல்லையை வெளிப்படையாக எழுதுகிறோம்.

மாற்று முறைகளையும் பயன்படுத்திப் பார்த்தே இந்தத் தாளுக்குத் திரும்பினேன். ஈஸ்டைக் கதிரியக்க அமினோ அமிலத்தில் வளர்த்து அடையாளமிட்டு, வடிதாளில் தங்கிய கதிரியக்கத்தை அளக்கும் முறை விரைவானது. எண்ணுகிறவரின் சாய்வும் அதில் நுழையாது. ஆனால் அளவி சொல்லும் எண்ணில் செல்லில் ஒட்டிய ஈஸ்டும், தாளில் சிக்கிய ஈஸ்டும், கட்டியாகக் கிடந்த ஈஸ்டும் கலந்தே இருக்கும். பிரித்துப் பார்க்கக் கண்ணுக்கு வாய்ப்பில்லை. கதிரியக்கப் பொருளுக்கான உரிமமும் கழிவு மேலாண்மையும் சிறிய ஆய்வகத்துக்குப் பெரும் சுமை.

ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒளிரும் ஈஸ்டைக் கலந்து அனுப்பினால் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான கன்னச் செல்களைக் கடந்துவிடலாம். நூறு செல்லோடு நிற்கும் என் கையெண்ணிக்கைக்கு அது எட்டாத உயரம். எத்தனை விழுக்காடு செல்களில் ஈஸ்ட் உண்டு என்பதை இந்தக் கருவி மிக நன்றாகச் சொல்கிறது. ஒரு செல்லில் எத்தனை என்பதை மட்டும், தனி ஈஸ்டின் ஒளிர்வால் வகுத்து மறைமுகமாகவே பெற வேண்டியிருக்கிறது. கன்னச் செல்லின் அளவு பெரிதாகவும் வடிவம் தட்டையாகவும் இருப்பதால் நுண்குழாய் அடைபடும் தொல்லையும் உண்டு. மாதிரிகள் நூற்றுக்கணக்கில் வரும் பெரிய ஆய்வுக்கு இதுவே ஏற்றது. எனினும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சில மாதிரிகளையாவது வடிதாளில் எண்ணி ஒப்பிடச் சொல்வேன்.

வளர்ப்புச் செல் அடுக்குகளைப் பயன்படுத்துவோர் இன்று மிகுதி. தன்னார்வலருக்குத் தன்னார்வலர் மாறும் வேறுபாடு, ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் மாறும் வேறுபாடு, சுரண்டி எடுக்கும் செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே உயிரற்றவை என்ற சிக்கல் எல்லாம் அங்கே இல்லை. கன்னப் புற்றிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் டி.ஆர்.146 செல் வழி இதற்கு நல்ல தேர்வு. கேண்டிடா சுரக்கும் கேண்டிடாலைசின் என்ற நச்சுப் பெப்டைடை (சிறு புரதத் துண்டை) 2016-இல் வெளிப்படுத்திய லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழுவின் ஆய்விலும் இந்தச் செல்களுக்குப் பங்கு உண்டு. பழைய கட்டுரைகளில் வரும் கே.பி. செல்களை மட்டும் வாய்ச் செல் என்று நம்பி வாங்காதீர்கள். அவை கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்களால் மாசுபட்டவை என்று பின்னர் உறுதியாயிற்று. புற்று வழிச் செல்லின் பரப்பு, உதிரும் நிலையிலுள்ள உண்மையான கன்னச் செல்லின் பரப்புக்கு நிகரா என்ற கேள்வி எனக்குள் நீங்காமல் இருக்கிறது. எச்சில் பட்டுப் பட்டு வந்த, அந்த மனிதரின் வாயில் உண்மையாகவே இருந்த செல்லில் சோதிப்பதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்று நம்புகிறேன்.

பல்செட் தொடர்பான ஆய்வு செய்பவர்களுக்குக் கன்னச் செல்லே வேண்டியதில்லை. பல்செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக்கின் துண்டில் கேண்டிடாவின் பற்றுதலை அளக்கும் முறையை இலங்கையரான லட்சுமண் சமரநாயக்கவும் மேக்ஃபார்லேனும் 1980-இல் வெளியிட்டார்கள்; துண்டைக் கழுவிச் சாயமேற்றி நேரே எண்ணிவிடலாம், வடிதாள் செலவு மிச்சம். அடுத்த ஆண்டே மெக்கோர்ட்டியும் டக்ளஸும், ஈஸ்ட் வளரும் ஊடகத்தில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதைப் பொறுத்து அக்ரிலிக்கில் அதன் பற்றுதல் மாறுகிறது என்று காட்டினார்கள். ஈஸ்டின் மேற்பரப்பே மாறிவிடுவதால், கன்னச் செல்லில் அளப்பவர்களும் வளர்ப்பு ஊடகத்தை ஆய்வின் நடுவில் மாற்றக்கூடாது. ஊடகத் தூளின் தொகுதி எண்ணையும் நாங்கள் குறித்துவைக்கிறோம்.

விலை பற்றி: 100 தாள் கொண்ட பெட்டியாக வருகிறது, மலிவானது என்று சொல்ல முடியாது. ஒரு மருந்தை மூன்று செறிவுகளில், ஒவ்வொன்றையும் மூன்று முறை, கட்டுப்பாடுகளோடு சேர்த்துச் சோதித்தால் ஒரே நாளில் 15 தாள்கள் போய்விடும். பயன்படுத்திய தாளைக் கழுவி மறுபடி பொருத்தும் ஆசை வரும், செய்யாதீர்கள். துளைகளின் விளிம்பில் ஒட்டிய ஈஸ்ட் போகாது, அடுத்த தன்னார்வலரின் எண்ணில் போய்ச் சேரும். மாணவர் பயிற்சிக்கு மட்டும், கொதிக்கும் நீரில் நனைத்தெடுத்த பழைய தாள்களைக் கொடுத்துப் பொருத்தவும் கழற்றவும் பழக்குகிறோம். அவை சோதனைக்கு வராதபடி ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி வைத்திருக்கிறோம்.

ஒரு நாளைக்கு இருபது மாதிரிகளுக்குக் குறைவாக வரும் ஆய்வகம், நல்ல நுண்ணோக்கி ஒன்று, பொறுமையாக எண்ணக்கூடிய இரண்டு பேர், இவ்வளவு இருந்தால் இந்த வடிதாளை நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். மீதி ஒன்றைக் கழித்தது, கட்டியாகும் ஈஸ்டையும் முளைத்த இழைகளையும் இது பிரிக்க முடியாததற்காக. முதல் முறை வாங்குகிறவர்கள் ஒரே பெட்டியில் தொடங்கி, முதல் பத்துத் தாள்களை வெறும் கட்டுப்பாடுகளுக்கே செலவிடுங்கள்: ஈஸ்ட் மட்டும், கன்னச் செல் மட்டும், கலந்தவுடன் வடித்தது, ஒரு மணி நேரம் கழித்து வடித்தது. கலந்தவுடன் வடித்ததற்கும் ஒரு மணி நேரம் கழித்து வடித்ததற்கும் இடையே தெளிவான இடைவெளி தெரியும்வரை மருந்துச் சோதனையைத் தொடங்க வேண்டாம்.